கைத்துப்பாக்கி விசை மேம்படுத்தல்

கைத்துப்பாக்கி விசை மேம்படுத்தல் என்பது, ஒரு கைத்துப்பாக்கியில் உற்பத்தியாளர் பொருத்தி அனுப்பிய விசையையும் (டிரிக்கர்) அதனோடு சேர்ந்து இயங்கும் உறுப்புகளையும் நீக்கி, தனியாக விற்கப்படும் வேறு உறுப்புகளை அவற்றின் இடத்தில் பொருத்துவதாகும். விசையை இழுக்கத் தேவையான அழுத்தத்தைக் குறைத்தல், விசை நகரும் தொலைவைச் சுருக்குதல், விசை விடுபடும் கணத்தைத் தெளிவாக்குதல் ஆகியன இதன் முதன்மை நோக்கங்களாகும். குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களிடையே இவ்வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களிடையேயும் இது பரவலாகக் காணப்படுகின்றது.

விசை இரண்டு வேலைகளைச் செய்கின்றது. குண்டு குறியில் படுவது பெரும்பாலும் விசையை இழுக்கும் விதத்தைப் பொறுத்தது. அதே விசையே, துப்பாக்கி தற்செயலாக வெடிக்காமல் காக்கும் தடைகளில் முதன்மையானதும் ஆகும். முதல் வேலைக்கு உதவும் மாற்றங்கள் பல, இரண்டாவதன் காப்பு எல்லையைக் குறைக்கின்றன. எனவே விசையைத் தேர்ந்தெடுப்பது, துப்பாக்கி எதற்குப் பயன்படப் போகிறது என்பதைக் கொண்டே முடிவு செய்யப்பட வேண்டியதாகும். இக்கட்டுரையில் ஆஸ்திரிய நாட்டின் க்ளாக் 17 வகை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

கலைச்சொற்கள்

தமிழில் டிரிக்கர் என்னும் உறுப்பு விசை, விசைவில் என்னும் பெயர்களால் குறிக்கப்படுகின்றது. பேச்சு வழக்கில் உள்ள "குதிரை" என்னும் சொல் சில இடங்களில் விசையையும் வேறு சில இடங்களில் சுத்தியலையும் குறிப்பதால், அது இக்கட்டுரையில் தவிர்க்கப்பட்டுள்ளது. விசையின் இயல்பை விளக்கப் பின்வரும் சொற்கள் பயன்படுகின்றன.

- இழுப்பு எடை: விசை விடுபடுவதற்கு விரல் தர வேண்டிய அழுத்தம். இது பவுண்டு அல்லது கிலோகிராமில் அளக்கப்படும். 1 பவுண்டு ஏறத்தாழ 454 கிராம் ஆகும்.
- தொடக்க நகர்வு: உண்மையான தடை தொடங்கும் வரை விசை எளிதாகப் பின்வாங்கும் தொலைவு.
- சுவர்: தொடக்க நகர்வு முடிந்து, விரல் தடையை உணரும் இடம்.
- விடுபடல்: அடிமுள் அல்லது சுத்தியல் விடுவிக்கப்படும் கணம்.
- மிகை நகர்வு: விடுபட்ட பின்னரும் விசை பின்னோக்கிச் செல்லும் தொலைவு.
- மீளமைவு: சுட்ட பின் விசையை முன்னோக்கி விடும்போது, அடுத்த முறை சுடுவதற்கு அது மீண்டும் தயாராகும் இடம்.

விசையும் குறி தவறாமையும்

மேசகின் வெறுமையாக இருக்கும்போது க்ளாக் 17 கைத்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 700 கிராம் ஆகும். அதன் வழக்கமான இழுப்பு எடையோ ஏறத்தாழ 2.5 கிலோகிராம் (5.5 பவுண்டு). அதாவது, ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டே, அதன் எடையைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை ஒரே விரலால் அதன் மீது செலுத்த வேண்டியுள்ளது. விரலை நேர் பின்னோக்கி அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இழுத்தாலும், விடுபடும் கணத்தில் குழல் திரும்பிவிடுகின்றது.

இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம். இத்துப்பாக்கியின் முன், பின் குறிகாட்டிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 165 மில்லிமீட்டர். முன் குறிகாட்டி தன் சரியான நிலையிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தொலைவிலுள்ள குறியில் குண்டு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விலகிப் படும். இழுப்பு எடை குறையும்போதும் விடுபடல் தெளிவாகும்போதும் இவ்விலகல் குறைகின்றது.

எனினும், விசையை மாற்றுவதால் துப்பாக்கியின் இயந்திரத் துல்லியம் கூடுவதில்லை. குழலும் தோட்டாவும் முன்பிருந்தவையே ஆகும். மாறுவது, சுடுபவர் செய்யும் பிழையின் அளவு மட்டுமே. ஆதலால் வெற்றுச் சுடல் எனப்படும், தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் பயிற்சி, செலவின்றி இதே பயனில் பெரும் பங்கைத் தருகின்றது.

இயங்கும் முறை

கைத்துப்பாக்கிகளின் விசை அமைப்புகளைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒற்றைச் செயல் விசை: சுத்தியல் முன்னரே பின்னிழுக்கப்பட்டிருக்கும். விசையின் வேலை அதை விடுவிப்பது மட்டுமே. ஜான் பிரௌனிங் வடிவமைத்த எம் 1911 இதற்கு எடுத்துக்காட்டாகும். இழுப்பு எடை குறைவு, நகர்வும் குறைவு.

இரட்டைச் செயல் விசை: விசையே சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கும். பெரெட்டா 92 வகையில் முதல் முறை சுடுவது இவ்வாறு நிகழும். அடுத்தடுத்தவை ஒற்றைச் செயலாக நிகழும்.

அடிமுள் விசை: சுத்தியல் இல்லை. சுருள்வில்லால் உந்தப்படும் அடிமுள் (ஸ்ட்ரைக்கர்) நேரடியாகத் தோட்டாவின் எரியூட்டியைத் தாக்கும். க்ளாக், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எம் அண்டு பி, சிக் சாவர் பி320 ஆகியன இவ்வகையின.

1982ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் படையினால் பி80 என்னும் பெயரில் ஏற்கப்பட்ட க்ளாக் 17இல், அடிமுள் எப்போதும் ஓரளவு மட்டுமே பின்னிழுக்கப்பட்ட நிலையில் இருக்கும். விசையை இழுக்கும்போது விசைத் தண்டு பின்னோக்கி நகர்ந்து, அடிமுள்ளை முழுமையாகப் பின்னிழுக்கின்றது. அதே நகர்வு, அடிமுள்ளைத் தடுத்து நிற்கும் சிறு ஆணியையும் மேலே தூக்குகின்றது. இறுதியில், கனெக்டர் எனப்படும் சாய்ந்த தகடு விசைத் தண்டின் பின்முனையைக் கீழே தள்ள, அடிமுள் விடுபடுகின்றது.

இவ்வமைப்பில் வெளியே தனிப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று காப்புகள் உள்ளன. அவை விசையின் நடுவிலுள்ள சிறு நெம்புகோல், அடிமுள்ளைத் தடுக்கும் ஆணி, துப்பாக்கி கீழே விழுந்தாலும் விசைத் தண்டு இறங்கிவிடாமல் தாங்கும் விளிம்பு என்பனவாகும். மூன்றுமே விசையின் நகர்வோடு பிணைந்தவை. எனவே விசையின் நகர்வை மாற்றும் எவரும், அறிந்தோ அறியாமலோ, இக்காப்புகளையும் மாற்றுகின்றனர்.

மேம்படுத்தல் வகைகள்

மெருகூட்டல்

உறுப்புகள் எதையும் மாற்றாமல், விசைத் தண்டு, கனெக்டர் முதலியவை ஒன்றோடொன்று உராயும் பரப்புகளை உலோக மெருகுப் பசையால் தேய்த்து வழவழப்பாக்குதல். செலவு மிகக் குறைவு. கோணங்களையும் விளிம்புகளையும் மாற்றாமல் பளபளப்பாக்குவதோடு நிறுத்துவது இன்றியமையாததாகும். அரத்தால் தேய்ப்பது மெருகூட்டல் ஆகாது.

கனெக்டர் மாற்றம்

க்ளாக் நிறுவனமே வெவ்வேறு சாய்கோணங்களில் கனெக்டர்களைத் தயாரிக்கின்றது. கழித்தல் குறி பொறிக்கப்பட்டது இழுப்பு எடையைக் குறைக்கும்; கூட்டல் குறி பொறிக்கப்பட்டது அதை ஏறத்தாழ 8 பவுண்டாக உயர்த்தும். போட்டிகளுக்கென வந்த க்ளாக் 34 வகையில் கழித்தல் குறிக் கனெக்டர் உற்பத்தியின் போதே பொருத்தப்பட்டது. கோஸ்ட், செவ் போன்ற பிற நிறுவனங்களும் கனெக்டர்களை விற்கின்றன.

சுருள்வில் மாற்றம்

சுருள்வில்களை மாற்றும்போது எதிர்பாராத விளைவுகள் ஏற்படுவதுண்டு. க்ளாக்கின் முந்தைய தலைமுறைகளில் உள்ள விசைச் சுருள்வில், விரலுக்கு எதிராக அல்லாமல் விரலுக்குத் துணையாக இழுக்கின்றது. ஆகவே வலிமையான விசைச் சுருள்வில்லைப் போட்டால் இழுப்பு எடை கூடாமல் குறைகின்றது. அடிமுள் சுருள்வில்லில் இது நேர்மாறானது. வலிமை குறைந்ததைப் போட்டால் இழுப்பு எடை குறையும். ஆனால் எரியூட்டி மீது விழும் அடியும் வலுவிழப்பதால், கடினமான எரியூட்டி கொண்ட தோட்டாக்கள் வெடிக்காமல் போகலாம். பெரெட்டா 92இல் வலிமை குறைந்த சுத்தியல் சுருள்வில்லைப் பொருத்துவது இவ்வகையில் பெயர்பெற்ற எளிய மாற்றமாகும்.

விசைத் தொகுதி மாற்றம்

விசையின் முகப்பு, விசைத் தண்டு, கனெக்டர், சுருள்வில்கள் ஆகிய அனைத்தையும் ஒரே தொகுதியாக மாற்றுதல். இவற்றில் பல, வளைந்த முகப்புக்குப் பதிலாகத் தட்டையான முகப்பைக் கொண்டவை. எம் அண்டு பி வகைக்கு ஏபெக்ஸ் நிறுவனத்தின் தொகுதிகள் நன்கு அறியப்பட்டவை. 2020களின் தொடக்கத்தில் க்ளாக் நிறுவனமும் தன் ஐந்தாம் தலைமுறைத் துப்பாக்கிகளுக்கு இத்தகைய தொகுதி ஒன்றை வெளியிட்டது.

நகர்வைக் கட்டுப்படுத்தும் திருகுகள்

சில விசைகளில் தொடக்க நகர்வையும் மிகை நகர்வையும் குறைக்கச் சிறு திருகுகள் உள்ளன. மிகை நகர்வுத் திருகை அளவுக்கு மீறி முடுக்கினால், விசை விடுபடும் இடத்தை அடையாமலேயே நின்றுவிடலாம். முதலில் சரியாக இயங்கி, அழுக்குச் சேர்ந்த பின் இயங்காமல் போவதும் உண்டு. தொடக்க நகர்வுத் திருகை மீறி முடுக்குவது இதனினும் ஆபத்தானது. விசையைத் தொடாத நிலையிலேயே தண்டு பின்னே நிற்பதால், அடிமுள்ளைத் தடுக்கும் ஆணி ஓரளவு தூக்கப்பட்டிருக்கக் கூடும்.

தேர்வு செய்தல்

போட்டிகளுக்கு

போட்டிகளில் மிகக் குறைந்த இழுப்பு எடை விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளது. அவற்றுட் சில வருமாறு:

- பன்னாட்டுச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பு, 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி: 500 கிராம்
- அதே கூட்டமைப்பு, 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிகள்: 1000 கிராம்
- அதே கூட்டமைப்பு, 50 மீட்டர் கைத்துப்பாக்கி: வரம்பு இல்லை
- பன்னாட்டு நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு, உற்பத்திப் பிரிவு: முதல் முறைக்கு 2.27 கிலோகிராம் (5 பவுண்டு), அல்லது எல்லா முறைக்கும் 1.36 கிலோகிராம் (3 பவுண்டு)

போட்டி நடுவர்கள், துப்பாக்கியின் குழலை மேல்நோக்கிப் பிடித்து, விசையில் எடைக்கல் ஒன்றை மாட்டித் தூக்கிப் பார்ப்பர். விசை விடுபடாமல் எடைக்கல் மேலெழுந்தால் துப்பாக்கி தேறியதாகும். விசை நாளடைவில் தேய்ந்து இலகுவாவதால், வரம்பை ஒட்டி அல்லாமல் அதற்குச் சற்று மேலாக இழுப்பு எடையை வைத்துக்கொள்வது வழக்கம். எந்தப் பிரிவில் எந்த உறுப்பை மாற்றலாம் என்பதும் விதிகளில் வரையறுக்கப்பட்டிருப்பதால், வாங்குவதற்கு முன் விதிநூலைப் பார்ப்பது தேவையாகும்.

தற்காப்புக்கும் பணிக்கும்

உடலோடு எடுத்துச் செல்லப்படும் துப்பாக்கியின் தேவை வேறானது. அச்சத்தில் விரலின் நுண்ணுணர்வு மங்குகின்றது, பிடி இறுகுகின்றது. ஒரு கை இறுகும்போது மறு கையின் விரல்களும் தன்னையறியாமல் மடங்குவதுண்டு. துப்பாக்கியை உறையில் இடும்போது சட்டை நுனி விசையில் சிக்குவதும் நிகழக்கூடியதே. இச்சூழல்களில் இழுப்பு எடையும் தொடக்க நகர்வும் காப்பாக அமைகின்றன. ஆகவே இத்தகைய துப்பாக்கிகளில் எடையைக் குறைக்காமல், மெருகூட்டல் மூலமும் தெளிவான விடுபடல் மூலமும் மட்டும் முன்னேற்றம் காண்பதே பொருத்தமானதாகக் கருதப்படுகின்றது. உற்பத்தியாளரின் சொந்த உறுப்புகள் இதற்கு முதல் தெரிவாகும்.

பொதுவான அளவுகோல்கள்

- உறுப்பு, துப்பாக்கியின் குறிப்பிட்ட தலைமுறைக்கு உரியதா என்பது. க்ளாக்கின் மூன்றாம் தலைமுறை உறுப்பு ஐந்தாம் தலைமுறைக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.
- தொழிற்சாலையில் அமைந்த எல்லாக் காப்புகளும் அப்படியே இயங்குகின்றனவா என்பது.
- உறுப்பு நேராகப் பொருந்துமா, அல்லது கையால் தேய்த்துப் பொருத்த வேண்டுமா என்பது. பின்னது தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரின் வேலையாகும்.
- உற்பத்தியாளரின் உத்தரவாதம் நீங்கிவிடுமா என்பது.

பொருத்துதல்

க்ளாக் துப்பாக்கியில் விசை உறுப்புகள் சில ஊசிகளால் மட்டுமே நிறுத்தப்பட்டுள்ளன. எனவே இவ்வேலைக்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஊசித்தள்ளி ஒன்றே முதன்மையானது.

வேலை தொடங்கும் முன் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்து, தோட்டா அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். இவ்வரிசை மாறக்கூடாது. மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்தால் அறையில் புதிய தோட்டா ஏறிவிடும். க்ளாக்கைப் பிரிப்பதற்கு முன் விசையை ஒருமுறை இழுக்க வேண்டியிருப்பதால், இங்கு நேரும் கவனக்குறைவு உயிரிழப்பில் முடியக்கூடும். தோட்டாக்கள் வேலை நடக்கும் அறையிலேயே இருக்கக்கூடாது என்பது நல்ல நடைமுறையாகும்.

பின்னர் ஸ்லைடு கழற்றப்படும். மூன்றாம் தலைமுறைத் துப்பாக்கியில், குழலைத் தாங்கும் கட்டையின் ஊசி, விசை ஊசி, விசைக்கூட்டின் ஊசி ஆகியன இதே வரிசையில் தள்ளி எடுக்கப்படும். ஐந்தாம் தலைமுறையில் முதலாவது ஊசி கிடையாது. விசைத் தொகுதி முழுவதும் மேலே வந்த பின், கனெக்டரும் சுருள்வில்லும் மாற்றப்படும். திரும்பப் பொருத்துவது எதிர்வரிசையில் நடைபெறும். ஊசி எளிதில் நுழையாவிட்டால் சுத்தியலால் அடிக்காமல், துளைகள் நேராக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்புகளைப் பாதுகாத்து வைப்பதும், ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிப்பதும் பயனுள்ளவை. பலவற்றை ஒருங்கே மாற்றினால், பிழை எதனால் வந்தது என்பதைக் கண்டறிவது கடினம்.

சோதித்தல்

தோட்டா இல்லாத நிலையில் கீழ்க்கண்ட சோதனைகள் செய்யப்படுகின்றன. ஒன்று தவறினாலும் துப்பாக்கியைப் பயன்படுத்தக்கூடாது.

1. நடு நெம்புகோலைத் தொடாமல் விசையின் ஓரத்தை மட்டும் அழுத்தினால், விசை பின்னே செல்லக்கூடாது.
2. விசையை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விட வேண்டும். பின் விசையை மெல்ல விடும்போது மீளமைவு ஒலி கேட்க வேண்டும்; மீண்டும் இழுத்தால் அடிமுள் விடுபட வேண்டும்.
3. கழற்றிய ஸ்லைடில் அடிமுள்ளை முன்னோக்கித் தள்ளினால், தடுப்பு ஆணியை அழுத்தும் வரை அதன் முனை வெளியே தெரியக்கூடாது.
4. வெட்டுத்துளை கொண்ட பின்தகட்டை மாட்டி, அடிமுள்ளும் விசைத் தண்டும் ஒன்றையொன்று பற்றும் பரப்பைப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்றில் இரு பங்கு பற்றியிருத்தல் வேண்டும்.
5. குழலை மேல்நோக்கிப் பிடித்து, விசையை இழுத்த நிலையில் ஸ்லைடைச் சற்றுப் பின்னிழுத்து மெல்ல விட்டால், அது முழுமையாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், அடிமுள் சுருள்வில்லுக்கும் பின்னுதைப்புச் சுருள்வில்லுக்கும் இடையிலான சமநிலை கெட்டுள்ளது என்பது பொருள்.

இழுப்பு எடை, அளவியால் பலமுறை அளந்து சராசரியாகக் கணக்கிடப்படும். அதன் பின்னரே சுடுதளத்தில் சோதனை தொடங்கும். முதலில் மேகசினில் இரண்டு தோட்டாக்கள் மட்டுமே இடப்படும். ஒரு முறை இழுத்ததற்கு இரண்டும் வெடித்தால், கேடு அத்துடன் நின்றுவிடும் என்பதே இதற்குக் காரணம். அதன்பின், வழக்கமாகப் பயன்படுத்தும் தோட்டா வகையிலேயே சில நூறு முறை சுட்டுப் பார்த்த பிறகே, மாற்றிய விசை நம்பத்தக்கதாகக் கொள்ளப்படும்.

பாதுகாப்புச் சிக்கல்கள்

எம் 1911 வகையில், சுத்தியலைப் பற்றியிருக்கும் சியர் என்னும் உறுப்பின் விளிம்பை அளவுக்கு மீறித் தேய்த்தால், ஸ்லைடு மூடும் அதிர்ச்சியிலேயே சுத்தியல் நழுவக்கூடும். அப்போது ஒரே இழுப்பில் இரண்டு தோட்டாக்கள் வெடிப்பதும், விசையைத் தொடாமலேயே வெடிப்பதும் நேரலாம். இலகுவான விசை அமைப்பு இதில் உதவுகின்றது. விசையின் நிறை குறைவாக இருந்தால், அதிர்ச்சியின்போது அது தன் நிலைமத்தால் பின்னே செல்வதும் குறையும்.

நிறையின் இப்பங்கு சிக் சாவர் பி320 நிகழ்வில் பரவலாக வெளிப்பட்டது. 2017ஆம் ஆண்டில், இத்துப்பாக்கி குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பது வெளியார் செய்த சோதனைகளில் தெரிய வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம், அந்நிறுவனம் விருப்ப மேம்படுத்தல் திட்டம் ஒன்றை அறிவித்து, விசை, சியர், அடிமுள் ஆகியவற்றை நிறை குறைந்தவையாக மாற்றிக் கொடுத்தது. உற்பத்தியாளரின் வடிவமைப்பிலேயே இத்தகைய குறை மறைந்திருக்க முடியுமெனில், தனி உறுப்புகளைக் கலந்து பொருத்தும்போது சோதனையின் தேவை எத்தகையது என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

இழுப்பு எடை குறித்த விவாதம்

இழுப்பு எடையைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடுமா என்பது நெடுநாள் விவாதமாகும். நியூயார்க் மாநகரக் காவல்துறை 1993ஆம் ஆண்டில் தானியங்கிவகைக் கைத்துப்பாக்கிகளுக்கு இசைவளித்த பின், தற்செயல் வெடிப்புகளைத் தவிர்க்கும் பொருட்டு ஏறத்தாழ 12 பவுண்டு இழுப்பு எடையைக் கட்டாயமாக்கியது. இதற்கான சுருள்வில் "நியூயார்க் விசை" என்றே பெயர்பெற்றது. 2008ஆம் ஆண்டில் ராண்ட் ஆய்வு நிறுவனம், இலகுவான விசையைச் சோதித்துப் பார்க்குமாறு அத்துறைக்குப் பரிந்துரைத்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் முன், கொலைசெய்துவிட்டு வந்த ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டதில், வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தனர். கனமான விசையே குறி தவறுவதற்கு ஒரு காரணம் என்னும் கருத்து அப்போது மீண்டும் எழுந்தது.

மறுபுறம், கனமான விசையும் முழுக் காப்பன்று. 2014ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று, புரூக்ளினில் ஒரு குடியிருப்பின் இருண்ட படிக்கட்டில் காவலர் ஒருவரின் துப்பாக்கி வெடித்து, ஆயுதமேதும் இல்லாத அக்காய் குர்லி என்னும் இளைஞர் உயிரிழந்தார். ஒலி கேட்டு அதிர்ந்ததில் துப்பாக்கி தானாக வெடித்ததாகக் காவலர் தரப்பு கூறியது. 2016ஆம் ஆண்டு வழக்கில் நடுவர் குழுவினர் அவ்விசையைத் தம் விரல்களாலேயே இழுத்துப் பார்த்து, அதன் கனத்தைக் கருத்திற்கொண்டு அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தனர். விசை எவ்வளவு கனமாயினும், விரல் அதன் மேல் இருந்தால் வெடிப்பு நிகழக்கூடும். சுடும் முடிவு எடுக்கும் வரை விரலை விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்னும் அடிப்படை விதிக்கு எந்த உறுப்பும் மாற்றாகாது.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவின் நடுவண் சட்டம் விசையை மாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்வதில்லை. ஆனால், ஒருமுறை இழுத்தால் தொடர்ந்து சுடும்படி மாற்றும் உறுப்புகள், 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டத்தின் கீழ் இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படுகின்றன. 1986ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் புதிதாக இவற்றை வைத்திருப்பது குற்றமாகும். இவை விசை மேம்படுத்தல் என்னும் வகையில் அடங்குவன அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வணிகர் விற்கும் கைத்துப்பாக்கிகளில், சராசரி ஐந்து வயதுக் குழந்தையால் இயக்க முடியாதபடி ஓர் அமைப்பு இருத்தல் வேண்டும். 10 பவுண்டு இழுப்பு எடை அவ்வாறு ஏற்கப்பட்ட வழிகளுள் ஒன்றாகும். தற்காப்பு வழக்குகளில் இலகுவான விசையைப் பொறுப்பின்மைக்குச் சான்றாக அரசுத்தரப்பு காட்டக்கூடும் என்று மசாத் அயூப் போன்ற எழுத்தாளர்கள் எச்சரித்துள்ளனர்.

இந்தியாவில், படைக்கலச் சட்டம், 1959இன்படி சுடுகலனின் உறுப்புகளும் படைக்கலம் என்னும் வரையறைக்குள் அடங்கும். உரிமம் இன்றிச் சுடுகலன்களை விற்பனைக்காகவோ தொழிலாகவோ மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளன.

இவற்றையும் பார்க்க

- கைத்துப்பாக்கி
- க்ளாக் 17
- எம் 1911
- குறிபார்த்துச் சுடுதல்
- படைக்கலச் சட்டம், 1959